சைட்டேஷனா, கொட்டேஷனா?

கட்டுரை எழுதும்போது பலர் இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டின் வேலையும் வேறு, பிறப்பும் வேறு.

கொட்டேஷன் என்பது அடுத்தவர் வரியை எழுத்து மாறாமல் எடுத்து மேற்கோள் குறிக்குள் வைப்பது. 'எத்தனை' என்று பொருள்படும் 'குவோட்' என்ற லத்தீன் சொல்தான் வேர். நூலின் பகுதிகளுக்கு எண் போட்டு அடையாளம் வைப்பதில் தொடங்கி, மேற்கோள் காட்டுவதற்கு வந்தது. வியாபாரத்தில் கேட்கும் விலைப்புள்ளிக்கும் இதே பெயர்தான்.

சைட்டேஷன் என்பது ஒரு கருத்து யாருடையது, எந்த நூலில் உள்ளது என்று சான்று காட்டுவது. இதன் கதை இன்னும் சுவையானது. அழைப்பது, கிளப்பிவிடுவது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் முதலில் நீதிமன்ற அழைப்பாணையைக் குறித்தது. அமெரிக்காவில் போக்குவரத்து விதியை மீறினால் காவலர் எழுதித் தரும் சீட்டு இன்றைக்கும் சைட்டேஷன்தான். வீரப் பதக்கத்தோடு வாசிக்கும் பாராட்டுரையும் அப்படியே. ஆக, ஒரு நூலை சைட் செய்வது அதைச் சாட்சி சொல்லக் கூப்பிடுவது!

சரி, எழுதும்போது எது வேண்டும்? ஒருவர் கருத்தை உங்கள் சொற்களில் சொன்னால், ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் போட்டால் போதும். மேற்கோள் குறி வேண்டாம். அவர் வாக்கியத்தையே எடுத்தால் இரண்டும் கட்டாயம். என்னைக் கேட்டால் சைட்டேஷனுக்குத்தான் முதலிடம். மேற்கோளே இல்லாமல் நல்ல ஆய்வுக் கட்டுரை எழுதலாம். சான்று காட்டாமல் முடியாது.