வீரர் தேர்வையும் வளர்ப்பையும் அளக்கும் ஒரு கட்டணச் சேவை

வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் அணிகள், ஆண்டுதோறும் நடக்கும் ட்ராஃப்டில் இளம் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக முறைவைத்து எடுக்கின்றன. அவர்களை எவ்வளவு நன்றாகத் தேர்ந்தெடுக்கின்றன, எடுத்தவர்களை எவ்வளவு நன்றாக வளர்க்கின்றன என்பதை எண்களில் காட்டும் இணையச் சேவை ஒன்றுக்கு ஓராண்டாக மாதம் 38 வெள்ளி (ரிங்கிட்) கட்டி வந்தேன். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இருவர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு எழும் தொகை அது. ஆகவே கொஞ்சம் கறாராகவே எழுதுகிறேன்.

தேர்வுப் பக்கத்தின் அடிப்படை நேர்மையானது. ட்ராஃப்டின் ஒவ்வோர் இடத்திலும் முன்பு எடுக்கப்பட்டவர்கள் அணியின் வெற்றிக்குச் சராசரியாக எவ்வளவு பங்களித்தார்கள் என்று கணக்கிட்டு, அதைவிட ஒருவர் கூடுதலாகத் தந்ததையும் குறைவாகத் தந்ததையும் எடுத்த அணியின் பெயரில் எழுதுகிறார்கள். 2013-இல் கிளீவ்லாந்து முதலிடத்தில் எடுத்த அந்தோனி பென்னட் நான்கே பருவங்களில் என்.பி.ஏ.வை விட்டு வெளியேறியதும், அதே ஆண்டு மில்வாக்கி 15-ஆம் இடத்தில் எடுத்த யானிஸ் அண்டெட்டோகும்போ 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றதும் இம்முறையில் உரிய எடையைப் பெறுகின்றன. 2014-இல் 41-ஆம் இடத்தில் எடுத்த நிக்கோலா யோக்கிச்சால் டென்வரின் மதிப்பெண் எங்கோ உயரத்துக்குப் போய்விடுகிறது. அவரை மட்டும் ஒரு சொடுக்கில் மறைத்துவிட்டு மீதிப் பட்டியலைப் பார்க்க வழி வைத்திருப்பது, இச்சேவையில் எனக்கு மிகவும் பிடித்த வசதி.

சிக்கல் வளர்ப்புப் பக்கத்தில் தொடங்குகிறது. யானிஸை எடுத்தபோது அவருக்கு வயது 18. முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு 6.8 புள்ளிகள்தாம் எடுத்தார். அதன்பின் வந்த உயர்வு கண்டெடுத்தவர்களின் கூர்மையா, பயிற்றுநர்களின் உழைப்பா என்பதுதான் கேள்வி. இச்சேவையோ அதே உயர்வைத் தேர்வுப் பக்கத்தில் ஒரு முறையும் வளர்ப்புப் பக்கத்தில் மறுமுறையும் வரவு வைக்கிறது. ஒரே ரசீதைக் காட்டி இரண்டு முறை பணம் கேட்பது போன்ற கணக்கு இது.

எடுத்தவுடன் வேறு அணிக்குக் கைமாறியவர்களின் கதை இன்னும் மோசம். காவாய் லெனார்டை 2011-இல் 15-ஆம் இடத்தில் எடுத்தது இந்தியானா; அன்றிரவே ஜார்ஜ் ஹில் என்ற ஆட்டக்காரருக்கு ஈடாக அவர் சான் அந்தோனியோவுக்குச் சென்றார். லூக்கா டோன்சிச்சை 2018-இல் எடுத்த அட்லாண்டாவும் உடனே அவரை டல்லஸுக்குக் கொடுத்தது. இருவருடைய முழு வரவும் இங்கே எடுத்த அணியிடமே இருக்கிறது. இதைப் பற்றி இருமுறை எழுதிக் கேட்டேன். "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் மட்டும் இருமுறையும் வந்தது.

செந்தூலில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவன் நான். அங்கே தேர்வு என்பதே கிடையாது, வருகிற பிள்ளைகளை வைத்துத்தான் அணி கட்ட வேண்டும். அதனாலோ என்னவோ, ட்ராஃப்டில் எவருமே எடுக்காத ஆட்டக்காரர்களை இச்சேவை அடியோடு விட்டுவிட்டது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. மயாமியில் 20 பருவங்கள் ஆடிய யுடோனிஸ் ஹஸ்லமும், டொராண்டோ 2019-இல் என்.பி.ஏ. பட்டம் வென்றதில் பங்குகொண்ட ஃபிரெட் வான்வ்லீட்டும் அப்படி வந்தவர்கள். ட்ராஃப்ட் இடத்தின் மதிப்பு கலக்காததால், வளர்ப்பைத் தனியே எடைபோட இவர்களைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

மாதச் சந்தாவை நிறுத்திவிட்டேன். நியூயார்க் நேரப்படி இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ட்ராஃப்ட் கோலாலம்பூரில் மறுநாள் காலை எட்டு மணிக்கு வருகிறது. தேர்வுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பதற்காக ஜூன் மாதத்துக்கு மட்டும் 38 வெள்ளி கட்டுவேன்.