புல் விதைக்கு 640 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து ஏமாந்தேன், வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று ராத்திரி அந்த விற்பனையாளன் என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். அந்த வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். புல் விதையை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படித் தூவுவது என்று தெரிந்துகொண்டதையெல்லாம் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் 640 வெள்ளி போன கதையைக் கேளுங்கள்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பினாங்கு மாநிலத்து புக்கிட் மெர்தாஜாமில், வரிசையின் கடைசி வீடு. பக்கவாட்டில் 20 அடிக்கு 30 அடி வெறும் மண். வீட்டைக் கட்டியவர்கள் உடைந்த செங்கல்லையும் சிமெண்டுக் கட்டியையும் அங்கேயே போட்டு, மேலே சிவப்பு மண்ணைப் பரப்பிவிட்டுப் போன இடம். மழை பெய்தால் சேறு. போன தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மா அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டு போட வேண்டியதாகிவிட்டது. எஸ்டேட்டில் ரப்பர் மரம் சீவி எங்களை வளர்த்தவர், எழுபதைத் தாண்டிவிட்டார். "செருப்பு இல்லாம காலையில புல்லுல நடக்கணும்டா" என்பார். வேறு எதையும் அவர் என்னிடம் கேட்டதில்லை.

நம் பக்கம் எல்லோரும் லோரியில் வரும் புல் பத்தையைத்தான் வாங்கிப் பதிப்பார்கள். எனக்கு 900 வெள்ளி சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் எல்லோரும் சாமான் வாங்கும் ஒரு இணையச் சந்தையில் இந்த விதையைப் பார்த்தேன். பச்சைப் பசேல் என்று படம், நூற்றுக்கணக்கில் ஐந்து நட்சத்திரம்.

நான் இங்கிலீஷில்தான் கேட்டேன். அவன் என் பெயரைப் பார்த்துவிட்டு தமிழில் குரல் பதிவு அனுப்பினான். "அண்ணே, நம்மாளுங்கதானே, தமிழ்லயே பேசலாம்." நான் விடாமல் கேட்டேன். இந்த வெயிலுக்குத் தாங்குமா? "நம்ம வெயிலுக்குன்னே போட்ட கலவை அண்ணே." எவ்வளவு வேண்டும்? "உங்க இடத்துக்கு நாலு கிலோ. கூட எங்க உரமும் போட்டாதான் புடிக்கும்." பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு குழந்தை அழுதது. "இருங்கண்ணே, பாப்பா எழுந்திருச்சிருச்சி" என்று சொல்லிவிட்டுப் போய், அடுத்த பதிவில் மன்னிப்புக் கேட்டான். அந்த இடத்தில்தான் நான் அவனை நம்பினேன். பிள்ளைக்குட்டிக்காரன், நம்மவன், ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தேன். விதை கிலோ 120 வெள்ளி, நாலு கிலோ 480. உரம் 160. மொத்தம் 640 வெள்ளி.

பார்சல் வந்த அன்றே செய்தி அனுப்பினான். "அண்ணே, ஆர்டர் ரிசீவ்ட் அமுத்திடுங்க, அடுத்த லாட் எடுக்க காசு வேணும்." அமுத்திவிட்டேன். அது வரைக்கும் பணம் அந்தச் சந்தையின் கையில்தான் இருக்கும், அமுத்தியதும் விற்றவனுக்குப் போய்விடும். இது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்துதான் அமுத்தினேன், அந்தக் குழந்தையின் சத்தத்துக்காக.

வேலையில் நான் குறை வைக்கவில்லை. ஆறு அங்குல ஆழத்துக்குக் கொத்தி, கல்லைப் பொறுக்கி, ஒரு லோரி மேல்மண் இறக்கிச் சமப்படுத்தினேன். அந்த லோரிக் காசை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. விதையை மணலோடு கலந்து, பாதியை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்குவாக்கிலும் தூவி, லேசாகக் கிளறி, பலகையால் அழுத்தினேன். சித்திரை பிறந்த மறுநாள் அது. அம்மா ஒரு பிடி விதையைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "அருகம்புல்லு விதை தூசு மாதிரி இருக்கும்டா, இது நெல்லு மாதிரி நீட்டமால்ல இருக்கு" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

ஏழாம் நாள் முளைத்தது. பத்தாம் நாள் தரையெல்லாம் பச்சைப் பஞ்சு விரித்த மாதிரி இருந்தது. தினமும் மூன்று வேளை பூவாளியால் தண்ணீர் தெளித்தவர் அம்மாதான். அவர் ஓரமாக நிற்க, நான் படம் எடுத்து, ஐந்து நட்சத்திரம் கொடுத்து, நாலு வரி புகழ்ந்தும் எழுதினேன். அவனும் இதயம் இதயமாக அனுப்பினான்.

மூன்றாவது வாரம் நடுவில் ஒரு தட்டு அளவுக்கு மஞ்சளானது. மறுநாள் இன்னும் இரண்டு இடம். கையால் தொட்டால் அடி அழுகி, ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு மாதத்தில் எல்லாம் படுத்துவிட்டது. இப்போது அங்கே இருப்பது கோரையும் தொட்டாற்சிணுங்கியும்தான்.

படம் அனுப்பினேன். முதலில் தண்ணீர் போதவில்லை என்றான். அம்மா மூன்று வேளை ஊற்றிய வீடியோவைக் காட்டினேன். அப்படியானால் தண்ணீர் கூடிவிட்டது என்றான். பிறகு மண் சரியில்லை, பிறகு புறா தின்றிருக்கும். முளைத்து ஒரு மாதம் நின்ற புல்லைப் புறா எப்படித் தின்னும்? அதைக் கேட்டதும் குரல் பதிவு நின்றுபோனது. "அண்ணே"யும் போய்விட்டது. இங்கிலீஷில் ஒரே வரி: விதை முளைப்பதற்குத்தான் உத்தரவாதம், வளர்வதற்கு இல்லை.

இணையச் சந்தையின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். முதலில் பதில் சொன்னது இயந்திரம். மூன்றாம் நாள் ஒரு ஆள் வந்து, "நீங்களே பொருள் கிடைத்ததாக உறுதி செய்திருக்கிறீர்கள், ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருக்கிறீர்கள், கேஸ் முடிந்தது" என்றார். 640 வெள்ளி என்று நான் நாலு தடவை எழுதியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரி, என் விமர்சனத்தையாவது மாற்ற விடுங்கள் என்றேன். காலம் கடந்துவிட்டதாம், மாற்ற முடியாதாம்.

எனக்குப் பணத்தைவிட இதுதான் பொறுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் இப்போது முதலில் நிற்பது என் படம். அதைப் பார்த்து எத்தனை பேர் வாங்கியிருப்பார்களோ! அந்த நூற்றுக்கணக்கான ஐந்து நட்சத்திரங்களும் என்னை மாதிரி பத்தாம் நாள் கொடுத்தவைதான் என்று இப்போது புரிகிறது. அவற்றைக் கொடுத்தவர்கள் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. முளைத்தது உண்மைதானே.

காலிப் பையை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரத்து நர்சரிக்குப் போனேன். தவுக்கே, அதாவது கடை முதலாளி, மிச்சமிருந்த விதையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். "இனி ரும்புட் நெகெரி செஜுக் புன்யா" என்று மலாயில் சொன்னார். குளிர் நாட்டுப் புல். பையின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். அடியில் இன்னொரு லேபிள், பெரென்னியல் ரைகிராஸ் என்று. 20 டிகிரிக்குப் பக்கத்தில் செழிக்கிற புல் அது. நமக்கோ பகலில் 32, ராத்திரியில்கூட 24. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் குளிர்காலத்துப் பச்சைக்காக மட்டும் பெர்முடா புல்லின் மேல் இதைத் தூவுவார்கள், வெயில் ஏறினால் செத்துவிடும். ஐந்து முதல் பத்து நாளில் முளைத்துவிடும் என்பதுதான் இதன் பெயர்போன குணம். அந்த வேகத்தை வைத்துத்தான் அவன் நட்சத்திரம் வாங்குகிறான்.

அளவிலும் ஏமாற்றியிருக்கிறான். என் இடம் சுமார் 56 சதுர மீட்டர். ரைகிராஸுக்கே சதுர மீட்டருக்கு 35 கிராம் போதும், இரண்டு கிலோவில் முடிந்திருக்கும். நாலு கிலோவை நெருக்கித் தூவியதால் காற்றுப் போகாமல், சூட்டிலும் ஈரத்திலும் பூஞ்சணம் பிடித்து அடி அழுகியிருக்கிறது. பெர்முடா என்றால் அரைக் கிலோவே தாராளம்.

விதைக்கிற விவரமெல்லாம் சொல்வதாக ஆரம்பித்தேன். இப்போது மனசு நிலையாக இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பையில் புல்லின் சரியான பெயரும், முளைப்பு சதவீதமும், சோதித்த தேதியும் இல்லையென்றால் வாங்காதீர்கள். ரைகிராஸ், ஃபெஸ்க்யூ, புளூகிராஸ் என்று இருந்தால் அது நம் ஊருக்கு இல்லை. வெயில் நன்றாக விழும் இடத்துக்கு பெர்முடா, அதாவது நம் அருகம்புல். நிழல் விழும் இடமென்றால் அகல இலை மாட்டுப் புல், அதைப் பத்தையாகவே பதியுங்கள். விதையில் பத்து மட்டும் எண்ணி எடுத்து ஈர டிஷ்யூவில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தூவுங்கள். அரை சென்டிமீட்டருக்கு மேல் புதைக்காதீர்கள். மண்ணைத் தயார் செய்து இரண்டு வாரம் சும்மா விட்டு, முளைக்கிற களையைப் பிடுங்கிய பிறகுதான் விதை. எனக்கு அவன் "அது தேவையில்ல அண்ணே" என்றான். நட்சத்திரத்தை இரண்டு மாதம் கழித்துக் கொடுங்கள். பட்டனை அவசரப்பட்டு அமுத்தாதீர்கள், யார் குழந்தை அழுதாலும்.

பயனீட்டாளர் திரிபுனலில் (நுகர்வோர் தீர்ப்பாயம்) 5 வெள்ளி கட்டினால் வழக்குப் பதியலாம், வக்கீல் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுப் போகிறேன். எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். அவன் பக்கத்தில் போட்டிருக்கும் முகவரியைத் தேடிப் போனேன், அங்கே இருப்பது கார் கழுவும் இடம். பார்சலில் இருந்த அனுப்புநர் விவரத்தைக் கிழித்து எறிந்துவிட்டேன். நீங்கள் எறியாதீர்கள். இதே ஆளிடம், இதே மாதிரி தமிழில் பேசி, யாராவது வாங்கியிருந்தால் பார்சல் பையோடு என்னைத் தொடர்புகொள்ளுங்கள், சேர்ந்தே பதியலாம்.

பச்சைப் புல், ஓரத்தில் நீல நிற ரப்பர் குழாய், ஒரு வயதான அம்மாவின் வெறுங்கால். அப்படி ஒரு படத்தை எங்கேயாவது பார்த்தால், அது நான் பத்தாம் நாள் எடுத்தது. அந்தப் புல் இப்போது இல்லை.