அஸ்டவுண்டிங்கா, கேலக்ஸியா? 1950-களின் அறிவியல் புனைகதை இதழ்கள்: ஒரு அலசல்

1950 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து வெளிவந்த ‘கேலக்ஸி’ முதல் இதழின் பின்னட்டையில் அடுத்தடுத்து இரண்டு பத்திகள் அச்சாகியிருந்தன. ஒன்றில், பேட் டர்ஸ்டன் என்பவன் ஜெட் சீறிக்கொண்டு ஒரு குட்டிக் கிரகத்தில் இறங்குகிறான். ராக்கெட்டின் வால் பக்கமிருந்து நெட்டையாக ஒருவன் புரோட்டான் துப்பாக்கியோடு வெளிப்படுகிறான். மற்றதில் அதே பேட் டர்ஸ்டன், குளம்படி அதிரக் கணவாய் வழியே குதிரையில் வருகிறான். பாறைக்குப் பின்னாலிருந்து அதே நெட்டையன், கையில் ரிவால்வர். வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரே அச்சு. குதிரைக் கதையை வேற்றுக்கிரகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் அது அறிவியல் புனைகதை ஆகிவிடாது, அந்தச் சரக்கு எங்களிடம் கிடைக்காது என்று வாசகருக்குக் கொடுத்த வாக்கு அது.

அந்தக் காலத்து இதழ்களை இப்போது வாசிக்க நினைப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, எதிலிருந்து தொடங்குவது என்பதுதான். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் பிரதிகள் குவிந்து கிடக்கின்றன. நான் வாசித்ததும் அவற்றில்தான். ஆசிரியர்களின் மேதைமை பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். சன்மானம், தாள், விநியோகம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்காமல் இந்த இதழ்கள் ஏன் இப்படி இருந்தன என்பது புரியாது என்று எனக்குப் படுகிறது.

முதலில் பல்ப் இதழ்களைப் பார்த்துவிடலாம். மரக்கூழில் செய்த மலிவுத் தாள் என்பதால் அந்தப் பெயர். நாம் சாணித்தாள் என்போமே, அதே இனம். சுமார் 7 அங்குல அகலம், 10 அங்குல உயரம், வெட்டிச் சீராக்காத ஓரங்கள், தாளிலேயே இருக்கும் அமிலத்தால் சில வருடங்களில் பழுத்துப் பொடியும் பக்கங்கள். ‘பிளானட் ஸ்டோரிஸ்’ 1939 இறுதியில் தொடங்கி 1955 கோடையோடு நின்றது. அதன் அட்டையைப் பார்த்தால் பேட் டர்ஸ்டன் அங்கேதான் குடியிருந்தான் என்று தோன்றும். ஆனால் உள்ளே லீ பிராக்கெட் எழுதிய செவ்வாய்க் கதைகள் இருந்தன. பிலிப் கே. டிக்கின் கதை முதன்முதலில் அச்சேறியதும் அதில்தான், 1952 ஜூலையில். ‘ஸ்டார்ட்லிங் ஸ்டோரிஸ்’ இதழுக்கு ஒரு முழு நாவல் கொடுத்து வந்தது. வேற்றுக்கிரக உயிரோடு மனிதன் கொள்ளும் உடல் உறவைப் பேசிய பிலிப் ஹோசே ஃபார்மரின் கதையை 1952 ஆகஸ்டில் துணிந்து போட்டதும் அதுதான். அதுவும் 1955-இல் நின்றது. அட்டையை வைத்து இவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். ஆனால் தொடங்குவதற்கு இது இடமில்லை. நல்ல கதைக்காக நிறையச் சுமாரான கதைகளைத் தாண்ட வேண்டியிருக்கும்.

உண்மையான போட்டி ‘அஸ்டவுண்டிங்’குக்கும் ‘கேலக்ஸி’க்கும் இடையேதான்.

‘அஸ்டவுண்டிங்’ 1930 ஜனவரியில் கிளேட்டன் என்ற பதிப்பகத்தின் சாகச இதழாகப் பிறந்தது. 1933-இல் அந்தப் பதிப்பகம் திவாலானதும் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் நிறுவனம் வாங்கியது. 1937 இறுதியில் ஜான் டபிள்யூ. கேம்பெல் ஆசிரியரானார். இயற்பியல் படித்தவர், அப்போது வயது 27. 1939 ஜூலை, ஆகஸ்ட் இதழ்களில் வான் வோக்ட், அசிமோவ், ஹைன்லைன் என்று, பின்னால் பெரும் எழுத்தாளர்களான புதிய பெயர்கள் வரிசையாக வந்தன. போர்க்காலத் தாள் தட்டுப்பாட்டில் கேம்பெல் நடத்திய மாயக்கதை இதழான ‘அன்னோன்’ 1943 அக்டோபரோடு மூடப்பட்டது. அடுத்த மாதமே ‘அஸ்டவுண்டிங்’ கைக்கடக்கமான டைஜஸ்ட் அளவுக்குச் சுருங்கியது. நெருக்கடியில் செய்த இந்த மாற்றம் பின்னால் வரமாக ஆனது. 1949-இல் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் தன் பல்ப் இதழ்களை இழுத்து மூடியபோது இந்தக் குட்டி இதழை மட்டும் விட்டுவைத்தது.

கேம்பெல்லின் பலம் எழுத்தாளரோடு மல்லுக்கட்டுவது. நீண்ட கடிதங்கள் எழுதுவார், தானே கருவைக் கொடுப்பார். ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்று தொடங்கும் அசிமோவின் ரோபோ விதிகள் மூன்றும் தெளிவான வடிவம் பெற்றது 1940 டிசம்பரில் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோதுதான். 1944 மார்ச் இதழில் வந்த ஒரு கதை யுரேனியம் குண்டின் செயல்பாட்டை அவ்வளவு விவரமாகச் சொன்னதால், அணுகுண்டுத் திட்டத்தைக் காவல் காத்த ராணுவ உளவுப் பிரிவினர் அலுவலகத்துக்கே வந்து விசாரித்தார்கள். எல்லாம் போருக்கு முன் வெளிப்படையாக அச்சான அறிவியல் கட்டுரைகளிலிருந்து எடுத்தது என்று கேம்பெல் விளக்கினார்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு சம்பவம். 1948 நவம்பர் இதழில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. 1949 நவம்பர் இதழை ஏற்கெனவே படித்துவிட்டதுபோல, ஒவ்வொரு கதைக்கும் தலைப்பும் எழுத்தாளர் பெயரும் போட்டு மதிப்பிட்டிருந்தார். கேம்பெல் சத்தமில்லாமல், அவர் குறிப்பிட்ட எழுத்தாளர்களில் பெரும்பாலானோரிடம் அதே தலைப்புகளில் கதை வாங்கினார். சரியாக ஒரு வருடம் கழித்து அந்த இதழை நிஜமாகவே கொண்டுவந்தார். வாசகரின் விளையாட்டுக்காக ஒரு வருடம் காத்திருந்த ஆசிரியரை நேசிக்காமல் இருக்க முடியுமா?

அவ்வளவு நல்ல ஆசிரியர் 1950 மே இதழில் எழுத்தாளர் எல். ரான் ஹப்பர்டின் கட்டுரையை வெளியிட்டு, மனக்கோளாறுகளைத் தீர்ப்பதாக அவர் சொன்ன ‘டயனெட்டிக்ஸ்’ என்ற ஆதாரமற்ற முறையை மனநல மருத்துவத்தின் பெரிய கண்டுபிடிப்பாக முன்வைத்தார். அறிவியல் கறாருக்குப் பெயர்போன இதழில் இது வந்தது பலருக்கு அதிர்ச்சி. அவரது நெருக்கமான எழுத்தாளர்கள் சிலர் விலகத் தொடங்கினார்கள். அப்படி விலகுகிறவர்களுக்குப் போக்கிடம் வேண்டுமே. ஐந்தே மாதத்தில் கேலக்ஸி வந்தது.

இந்த இதழின் முதலீடு ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே காதல் படக்கதை இதழ்களில் செழித்த ஒரு நிறுவனம் அமெரிக்காவில் அதே மாதிரி ஒன்றைத் தொடங்கித் தோற்றது. அடுத்து என்ன செய்யலாம் என்று இதழாசிரியராக அனுபவமுள்ள ஹோரஸ் எல். கோல்டிடம் கேட்டபோது அவர் சொன்னதுதான் கேலக்ஸி. நல்ல இதழ்களே சொல்லுக்கு 2 சென்ட் சுற்றிக் கொடுத்துவந்த காலத்தில், குறைந்தபட்சமே 3 சென்ட் என்றார் கோல்ட். 5000 சொல் கதைக்கு 100 டாலருக்குப் பதில் 150 டாலர். எழுத்தை நம்பிக் குடும்பம் நடத்தியவர்களுக்கு அந்த 50 டாலரின் அருமை தெரியும். கதையை முதலில் எங்கே அனுப்புவது என்பதை அதுவே தீர்மானித்தது. ஹைன்லைன், அசிமோவ் இருவரின் தொடர்கதைகளும் 1951-லேயே கேலக்ஸியில் வந்துவிட்டன.

கோல்ட் போரிலிருந்து திரும்பிய பிறகு வெளியிடங்களுக்குப் போக முடியாத கடும் அச்சத்தால் அவதிப்பட்டவர். மன்ஹாட்டனில் தன் அடுக்குமாடி வீட்டிலிருந்தே இதழை நடத்தினார். எழுத்தாளர்கள் வீடு தேடி வந்தார்கள், மற்றதெல்லாம் தொலைபேசியில். மணிக்கணக்கில் பேசிப் பேசியே கதையை மாற்ற வைப்பார். அசிமோவ் ரோபோவை வைத்து நாவல் எழுதத் தயங்கியபோது, துப்பறியும் கதையாக எழுது, துப்பறிபவனுக்குக் கூட்டாளியாக ஒரு ரோபோவைக் கொடு என்று வழிகாட்டியது கோல்ட்தான். அது 1953 அக்டோபரில் தொடராகத் தொடங்கியது. வீட்டை விட்டு வெளியேற முடியாதவரின் இதழில், மூடிய நகரத்தைவிட்டு வெட்டவெளிக்கு வர அஞ்சும் மனிதர்களின் கதை. அந்தப் பக்கங்களை என்னால் சாதாரணமாகத் தாண்டிப் போக முடியவில்லை.

கோல்டின் குறை, கேட்காமல் கத்தரி போடுவது. தலைப்பை மாற்றுவார், வாக்கியங்களைத் திருத்துவார். அச்சில் பார்த்துப் பொருமியவர்கள் பலர். கேம்பெல் அப்படியில்லை, எழுத்தாளரையே திரும்ப எழுத வைப்பார். 1954 ஆகஸ்டில் வெளிவந்த, டாம் காட்வின் எழுதிய, விண்கலத்தில் ஒளிந்து ஏறிய இளம்பெண்ணின் கதையை அவர் பலமுறை திருப்பி அனுப்பினார். காட்வின் ஒவ்வொரு முறையும் அவளைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார். கூடுதலாக ஒரு ஆளுக்கு எரிபொருள் போதாது, அவள் சாகத்தான் வேண்டும், அந்தக் கணக்கு யாருக்கும் இரங்காது என்பதில் கேம்பெல் அசையவில்லை. இரண்டு இதழ்களின் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. அஸ்டவுண்டிங் கதைகள் ‘இது எப்படி வேலை செய்கிறது?’ என்று கேட்கும். கேலக்ஸி கதைகள் ‘இதோடு வாழ வேண்டியவன் கதி என்ன?’ என்று கேட்கும். 1952-இல் விளம்பர நிறுவனங்களே அரசாளும் உலகத்தைப் பற்றி ஃபிரெடரிக் போல், சிரில் கார்ன்ப்ளத் என்ற இரண்டு எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதிய தொடரைக் கேம்பெல் இதழில் கற்பனை செய்ய என்னால் முடியவில்லை. 1953-இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதை முதன்முதலாகக் கொடுத்தபோது சிறந்த இதழுக்கான பரிசை இரண்டும் பங்கிட்டுக்கொண்டன. எனக்கு நடுவர் நாற்காலி கிடைத்திருந்தால் அந்த வருடம் கேலக்ஸிக்கு மட்டும்தான்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, ‘ஃபேன்டஸி அண்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’. 1949 இலையுதிர்காலத்தில் மாயக்கதை இதழாகத் தொடங்கி, இரண்டாவது இதழில் அறிவியலையும் பெயரில் சேர்த்துக்கொண்டது. கேலக்ஸி 25 சென்ட் விற்றபோது இது 35 சென்ட். உள்ளே படங்கள் கிடையாது, பக்கத்துக்கு ஒரே பத்தி. இலக்கிய இதழைக் கையில் பிடித்த உணர்வு வரும். ஆசிரியர்கள் ஆந்தனி பௌச்சரும் மெக்கோமஸும் நியூயார்க்கை விட்டு விலகி, கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்தார்கள். ரிச்சர்ட் மாதிசனின் முதல் கதை 1950 கோடை இதழில் வந்தது. நிலவறையில் சங்கிலியில் கட்டிப்போடப்பட்ட குழந்தை தன் கொச்சை மொழியில் எழுதும் நாட்குறிப்பு அது, மூன்றே நிமிடத்தில் படித்துவிடலாம். விஞ்ஞானக் கணக்கு எதுவுமில்லாத இந்தக் கதையைக் கேம்பெல்லோ கோல்டோ எடுத்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

1957-இல் அமெரிக்கன் நியூஸ் கம்பெனி என்ற மாபெரும் விநியோக நிறுவனம் கலைக்கப்பட்டது. கடைக்குப் போய்ச்சேர வழியில்லாமல் பல சின்ன இதழ்கள் அடுத்த சில மாதங்களில் மறைந்தன. கேலக்ஸி 1959-இல் இருமாத இதழாயிற்று, எழுத்தாளர்களை இழுத்துவந்த அந்தச் சன்மானமும் குறைந்தது. 1961-இல் கோல்ட் விலகி ஃபிரெடரிக் போல் வந்தார். 1980-இல் இதழ் நின்றது. அஸ்டவுண்டிங் 1960-இல் ‘அனலாக்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு இந்த நூற்றாண்டுக்கும் வந்தது. ‘ஃபேன்டஸி அண்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷ’னும் அப்படியே.

ஆயுளை வைத்துப் பார்த்தால் கேலக்ஸி தோற்றதுதான். ஆனாலும் புதிதாக வருகிறவரிடம் நான் நீட்டுவது 1950 முதல் 1953 வரையிலான கேலக்ஸி இதழ்களைத்தான். அவ்வளவு நேரமில்லை, ஒரு வாரக்கடைசி மட்டும்தான் என்றால் மூன்று இதழ் சொல்கிறேன்: அஸ்டவுண்டிங் 1954 ஆகஸ்ட், கேலக்ஸி 1953 அக்டோபர், அப்புறம் ‘ஃபேன்டஸி அண்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ 1955 ஏப்ரல். கடைசியில் சொன்னதில், அணுப்போருக்குப் பிறகான பாலைவன மடத்தில் ஒரு இளம் துறவி, பழைய மின்சுற்று வரைபடம் ஒன்றைப் புனிதப் பொருளாகப் போற்றி, வருடக்கணக்கில் அதற்குத் தங்கப்பூச்சு வேலையோடு பிரதி எடுத்துக்கொண்டிருப்பார்.