ரஷ்: '2112'-ஆ, 'கிளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்'-ஆ?

கனடாவின் ரஷ் இசைக்குழுவைப் புதிதாகக் கேட்க வருபவர்களுக்கு 1976-இல் வந்த '2112' ஆல்பத்தைத்தான் பலரும் கைகாட்டுவார்கள். அந்த இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 20 நிமிடம். இசைக்கு இடமே இல்லாத எதிர்கால உலகில் ஒருவனுக்குப் பழைய கிட்டார் கிடைக்கிறது. அந்த இடத்தில் குழுவின் கிட்டார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சன் தந்திகளைத் தயங்கித் தயங்கி மீட்டி, சுருதி சேர்த்து, அப்புறம்தான் மெட்டுக்கு வருகிறார். வாசிக்கத் தெரியாதவன் கற்றுக்கொள்வது அப்படியே காதில் விழுகிறது. ஆனால் இரண்டாம் பக்கத்தின் ஐந்து பாட்டுகளுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.

2012-இல் வந்த 'கிளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்' 12 பாட்டுகளிலும் ஒரே கதையைச் சொல்கிறது. அறுபதை நெருங்கிய மூவரின் வாசிப்பா இது! கெடி லீயின் பேஸ் கிட்டார் உறுமுகிறது. தயாரிப்பாளர் நிக் ரஸ்கூலினெக்ஸ் எதிரே நின்று கைகாட்ட, நீல் பியர்ட் டிரம்ஸில் புகுந்து விளையாடுகிறார். ஒலிப்பதிவில் சத்தம் நெருக்கியடிப்பது மட்டும் குறை. கடைசிப் பாட்டான 'தி கார்டன்' வயலின்களோடு நிதானமாக விரிகிறது. பியர்ட் எழுதிய பாடல் வரிகளில் இதைவிடக் கனிந்தது இல்லை. இக்குழுவின் கடைசி ஸ்டுடியோ ஆல்பமும் இதுவே.

முதலில் கேட்க '2112' சரி. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால், நான் 2012-இன் 'கிளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்'-ஐத்தான் எடுப்பேன்.