ஷ்லம்பர்ஜர் 'ஃபேகல்டி ஃபார் த ஃபியூச்சர்' ஃபெலோஷிப்: பாடம் நடத்தியவர்களுக்கு ஏற்ற பணம்

பொறியியலில் எம்.இ. முடித்துவிட்டு வெளிநாட்டில் பி.எச்டி. தேடும் பெண்கள் பலர் இந்த ஃபெலோஷிப்பின் பெயரைக் கேட்டதும் "இது எண்ணெய்க் கம்பெனி பணம், பெட்ரோலியம் படித்தவர்களுக்குத்தான்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது தப்புக் கணக்கு. ஷ்லம்பர்ஜர் அறக்கட்டளை 2004இல் தொடங்கிய திட்டம் இது. வளரும் நாடுகளைச் சேர்ந்த பெண்கள் தங்கள் நாட்டுக்கு வெளியே பொறியியல், இயற்பியல், கணிதம் போன்ற துறைகளில் பி.எச்டி.யோ போஸ்ட்டாக்கோ (பி.எச்டி.க்குப் பிந்தைய ஆய்வு) செய்யப் பணம் தருகிறது. இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பெண்களும் விண்ணப்பிக்கலாம். எண்ணெய்த் துறையோடு தொடர்புள்ள ஆய்வாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. படித்து முடித்ததும் அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேரவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

நிபந்தனை வேறு இடத்தில் இருக்கிறது. ஊருக்குத் திரும்பி, கற்பித்தலிலோ ஆய்விலோ ஈடுபடும் எண்ணம் உள்ளவரா என்று பார்க்கிறார்கள். ஏற்கெனவே பாடம் நடத்திய அனுபவம், மாணவிகளை அறிவியல் பக்கம் இழுத்த வேலை இரண்டுக்கும் மதிப்பு உண்டு. மற்ற ஃபெலோஷிப்களில் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கைக்குப் பின்னால் காணாமல் போகும் சங்கதி இது. சுயநிதிக் கல்லூரியில் நான்கு வருஷம் வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் கிளாஸ் எடுத்து, லேப் பார்த்து, 'எனக்கு பப்ளிகேஷனே இல்லையே' என்று கூசி நிற்கும் உதவிப் பேராசிரியர் இங்கே பலவீனமான விண்ணப்பதாரர் இல்லை. கிளிநொச்சியிலோ பேராதனையிலோ விரிவுரையாளராக இருந்து படிப்பு விடுப்பில் போகிறவருக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்தும். திரும்பி வந்து பணிபுரிவேன் என்று பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிக் கொடுத்திருக்கும் ஒப்பந்தமே பாதி விண்ணப்பத்தை எழுதிவிடுகிறது.

இனிப் பணம். பி.எச்டி.க்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 50,000 டாலர், போஸ்ட்டாக்குக்கு 40,000 டாலர். 'அதிகபட்சம்' என்ற சொல்லைத்தான் கவனிக்கவேண்டும். உண்மையான செலவுக் கணக்கைப் பார்த்துத்தான் தொகை முடிவாகும். கையில் வேறு உதவித்தொகை இருந்தால் அதைக் கழித்துத்தான் பட்ஜெட் போடவேண்டும். மறைத்தால் பின்னால் சிக்கல்.

இந்த 50,000 எந்த நாட்டில் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பலர் கணக்குப் போடுவதே இல்லை. பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மாணவருக்குப் பொறியியல் பி.எச்டி. கட்டணம் 30,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். பல பல்கலைக்கழகங்களில் இதை ஒட்டித்தான் இருக்கிறது. வாழ்க்கைச் செலவுக்கு அந்நாட்டு ஆய்வு மன்றங்கள் 2025-26க்கு வைத்த குறைந்தபட்ச ஸ்டைபெண்ட் 20,780 பவுண்டு. விசாவோடு கட்டவேண்டிய சுகாதாரக் கட்டணம் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. மொத்தம் ஐம்பத்தோராயிரத்தைத் தாண்டுகிறது. 50,000 டாலரை மாற்றினால் கிடைப்பது சுமார் 38,000 பவுண்டு. ஆண்டுக்குப் பதின்மூன்றாயிரம் பவுண்டுக்கு மேல் துண்டு விழும். அந்தச் சுகாதாரக் கட்டணத்தை விசா முழுக் காலத்துக்கும் சேர்த்து முன்னாலேயே கட்டவேண்டும்; நான்கு வருஷத்துக்கு மூவாயிரம் பவுண்டுக்கு மேல். ஃபெலோஷிப் பணம் கைக்கு வருவதற்கு முன்பே இது போய்விடும்.

ஆகவே பிரிட்டனுக்குப் போகிறவர் கைடிடம் முதல் மெயிலிலேயே இல்லாவிட்டாலும் மூன்றாவது மெயிலிலாவது கேட்டுவிடவேண்டும்: கட்டணத்தில் உள்நாட்டு விகிதத்துக்கும் வெளிநாட்டு விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் துறை தள்ளுபடி செய்யுமா? 'வெளியிலிருந்து இவ்வளவு கொண்டுவருகிறேன், மீதிக்கு வழி உண்டா' என்று கேட்கும் மாணவிக்குக் கதவு கொஞ்சம் எளிதாகவே திறக்கும்.

கனடாவில் கணக்கு வேறு. டொராண்டோ பல்கலைக்கழகம் 2018 முதல் பெரும்பாலான வெளிநாட்டு பி.எச்டி. மாணவர்களிடம் உள்நாட்டுக் கட்டணத்தையே வாங்குகிறது. அங்கே இந்தத் தொகை தாராளம். ஜெர்மனியில் கட்டணத் தொல்லை அநேகமாக இல்லை, ஆனால் வேறொரு ஓட்டை உண்டு. அங்கே பி.எச்டி. மாணவர்களில் பலர் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் முதலாளியின் பங்கு தானாகச் சேரும். ஃபெலோஷிப்பில் போகிறவருக்கு அந்தப் பங்கு கிடையாது, காப்பீட்டைத் தானே கட்டவேண்டும். பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரி கட்டாயம் போடுங்கள். அமெரிக்காவிலோ துறையே ஆய்வு உதவியாளர் பணியும் கட்டண விலக்கும் கொடுப்பது வழக்கம். வெளிப் பணம் வந்ததும் அந்தப் பணியை எடுத்துவிடும் துறைகள் உண்டு. அப்படி நடந்தால் மாணவிக்கு மிச்சம் எதுவும் இல்லை, கைடுக்குத்தான் லாபம். கட்டண விலக்கு தொடருமா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு விண்ணப்பிப்பது நல்லது.

விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பரில் திறந்து நவம்பர் முதல் பாதியில் மூடும். சரியான தேதியை ஒவ்வோர் ஆண்டும் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும். அந்த நேரத்தில் அட்மிஷன் கையில் இருக்கவேண்டியதில்லை, விண்ணப்பித்திருந்தாலே போதும். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கெடு பெரும்பாலும் டிசம்பரில் வருவதால், ஃபெலோஷிப் படிவத்தை நிரப்பும்போது பலருக்குப் பல்கலைக்கழக விண்ணப்பமே முடிந்திருக்காது. அதை அக்டோபருக்குள் முடிப்பதுதான் ஒரே வழி.

ப்ரொபோசல் பகுதி எல்லாரும் ஓரளவு நன்றாகவே எழுதுகிறார்கள். கவிழ்வது 'ஊர் திரும்பி என்ன செய்வீர்கள்' என்ற பகுதியில். "என் நாட்டுப் பெண்களின் முன்னேற்றத்துக்குப் பாடுபடுவேன்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. பவர் எலக்ட்ரானிக்ஸ்காரர் ஒருவர் இப்படி எழுதலாம்: எங்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு லேப் எஸ்சிஆர் என்ற பழைய வகை ஸ்விட்ச் சாதனத்தின் சோதனைகளோடு நின்றுவிடுகிறது, சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் என்ற புதிய வகை ஸ்விட்ச் சாதனத்தை வைத்து ஒரு மாணவிகூடக் கன்வெர்ட்டர் செய்து பார்த்ததில்லை, வேகமாக ஸ்விட்ச் ஆகும் அந்தச் சாதனத்துக்கு கேட் டிரைவரையும் போர்டு லேஅவுட்டையும் எப்படி அமைப்பது என்று ஆறு சோதனைகள் கொண்ட லேப் ஒன்றை நான் திரும்பி வந்து தொடங்குவேன், அதற்கு இன்ன கருவிகள் வேண்டும். இதில் ஊர் இருக்கிறது, குறை இருக்கிறது, ஆள் என்ன செய்வார் என்பதும் இருக்கிறது.

ரெஃபரன்ஸ் கடிதத்தில் நம் ஊர் வழக்கம் காலை வாரும். ஹெச்ஓடி "நீயே டிராஃப்ட் போட்டுக் கொண்டுவாம்மா" என்பார். எல்லாக் கடிதமும் ஒரே கையால் எழுதியதுபோல் இருந்தால் தேர்வுக் குழுவுக்குப் புரிந்துவிடும். டிராஃப்டுக்குப் பதிலாக அவருக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எந்த செமஸ்டரில் எந்தப் பாடம், எத்தனை மாணவர்கள், எந்த புராஜெக்ட்டுக்கு வழிகாட்டியது. ஒருவர் ஆய்வைப் பற்றியும் இன்னொருவர் கற்பித்தலைப் பற்றியும் எழுதினால் கடிதங்கள் ஒன்றையொன்று தாங்கும்.

இரண்டு மாற்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஸோன்டா என்ற சர்வதேசப் பெண்கள் அமைப்பின் அமீலியா ஏர்ஹார்ட் ஃபெலோஷிப் 1938இலிருந்து நடக்கிறது. விமானப் பொறியியல், விண்வெளி அறிவியலில் பி.எச்டி. செய்யும் எந்த நாட்டுப் பெண்ணுக்கும் 10,000 டாலர். பாஸ்டனில் அது நாலு மாத வாடகையிலும் சாப்பாட்டிலும் கரைந்துவிடும். சென்னையில் ஐஐடி விண்வெளித் துறையில் மாதம் 37,000 ரூபாய் வாங்கும் ஆய்வு மாணவிக்கோ ஏறக்குறைய இரண்டு வருஷப் பணம். உள்ளூரில் இருப்பவர்கள்தான் இதற்கு முந்திக்கொள்ளவேண்டும். இந்திய அரசு பக்கம் 2020இல் வந்த 'பவர்' ஃபெலோஷிப்புக்கு அறிவிப்பின்போதே குறைந்தபட்ச வயது 35, நிரந்தர வேலையும் இருக்கவேண்டும். நல்ல திட்டம்தான், ஆனால் தொடக்க நிலையில் இருக்கும் பெண்ணுக்கு அதனால் ஒரு பைசா பயனில்லை.

கடைசியாக, காகித வேலை. சில கல்லூரிகள் வேலைக்குச் சேரும்போது வாங்கிவைத்த அசல் சான்றிதழ்களைப் பணியிலிருந்து விலகும்வரை தருவதில்லை. அனுபவச் சான்றிதழையும் இழுத்தடிப்பார்கள். கற்பித்தல் அனுபவத்தை நம்பி எழுதும் விண்ணப்பத்தில் அந்த ஒரு தாள் இல்லாவிட்டால் சொல்வதற்கு ஆதாரமே இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வரவும் வாரக்கணக்கில் ஆகும். செப்டம்பரில் திறக்கும் விண்ணப்பத்துக்கு இந்த அலைச்சலை ஜூனில் தொடங்குங்கள். செமஸ்டர் லீவில் ஆபீஸில் ஆள் இருக்கமாட்டார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். பணம் கிடைத்த பிறகும் ஆண்டுதோறும் புதுப்பிக்க விண்ணப்பிக்கவேண்டும், கைடின் கடிதத்தோடு. முதல் வருஷ முடிவில் தேடி அலையாமல் இருக்க, கணக்கு ரசீதுகளை முதல் நாளிலிருந்தே ஒரு ஃபைலில் போட்டுவாருங்கள்.