பாயான் லெப்பாஸ் ஆலைகளில் பணி ஆலோசனை: ஓராண்டு போனபின் எது நிற்கிறது?

பினாங்கு மின்னணு ஆலைகள் பலவற்றில், ஊழியர் தன் வேலையில் முன்னேற வழிகாட்டும் பணி ஆலோசனை என்றால் ஒருநாள் ஊக்கப் பேச்சுதான். மத்தியானச் சாப்பாடு பிரமாதமாக இருக்கும்; திங்கட்கிழமை லைனில் பழைய கதை. நாள்பட நிற்பது, ஆலோசகரும் ஊழியரும் தனியாக உட்கார்ந்து பேசி, கையில் ஒரு தாளோடு எழுந்திருக்கும் முறை மட்டுமே.

முதல் அமர்வில் செய்த வேலையைச் சொல்ல வைத்தால் போதும். சர்க்யூட் போர்டில் சின்னச் சின்னப் பாகங்களை மெஷின் பொருத்தும் எஸ்எம்டி லைனில் பதினைந்து வருடம் நின்ற அக்காவும் "நான் சும்மா ஆபரேட்டர்தான் தம்பி" என்றே ஆரம்பிப்பார். "போன ஷிஃப்ட்ல மெஷின் நின்னுச்சே, யாருக்கா பார்த்தது?" என்று கேட்டால், "நான்தான். டெக்னீஷியன் வர்றதுக்குள்ள ஃபீடர கழட்டி, டேப்ப நேராக்கி, நாசில தொடச்சி ஓட விட்டேன்" என்பார். அதைத் தாளில் நான்கு கட்டங்களில் எழுத வேண்டும்: பழுது, காரணம், செய்தது, லைன் நின்ற நிமிடம். இரண்டு வாரம் எழுதினால் அவருக்கே தெரிந்துவிடும். தன்னால் முடியும் என்ற எண்ணத்துக்குத் தானே செய்து முடித்த வேலைதான் வலுவான ஊற்று என்று உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977லேயே எழுதினார். மற்றவர் தட்டிக்கொடுப்பதும் ஓர் ஊற்றுதான், ஆனால் சீக்கிரம் வற்றும்.

வேலை ஆர்வத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் உளவியலாளர் ஜான் ஹாலண்டின் சோதனை பேச்சைத் தொடங்க உதவும். வீட்டுக்கடன் கட்டும் நாற்பது வயதுக்காரருக்கு அதற்குமேல் பயனில்லை.

அந்தத் தாள் அடுத்துப் போக வேண்டிய இடம் பிபிடி எனும் முன் அனுபவ அங்கீகாரம். அனுபவத்தை மதிப்பிட்டு, வகுப்புக்குப் போகாமலே எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழ் தரும் வழி அது; நடத்துவது ஜேபிகே எனும் அரசுத் திறன் மேம்பாட்டுத் துறை. அந்த வேலைக்கு நோஸ் எனும் தேசியத் தர வரையறை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது ஆதாரக் கோப்பில்தான்: இயந்திரத்தைப் படம் பிடித்திருப்பார்கள், வேலை செய்யும் கை படத்தில் இருக்காது, எந்தப் படம் எந்தப் பணிக்கு என்ற குறிப்பும் இருக்காது. லைனுக்குள் கைப்பேசிக்குத் தடை உள்ள ஆலையில் எழுத்து அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

பன்னிரண்டு மணிநேர நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு அமர்வு வைத்தால் ஆள் தலையாட்டுவார், அவ்வளவுதான். ஷிஃப்ட் தொடங்குமுன் 45 நிமிடம் நல்லது. அமர்வுக் குறிப்பை எச்ஆர் கேட்டு வாங்கினால் அடுத்த வாரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கவுன்சிலர் என்று சொல்லிக்கொள்பவர் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு பெற்றவரா என்றும் பாருங்கள். 'கோச்' என்று வருபவருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

பயிற்சிச் செலவுக்கு, ஊழியர்களின் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டளவு முதலாளி கட்டும் லெவி இருக்கிறது; அதை வாங்குவது எச்ஆர்டி கார்ப் எனும் மனிதவள மேம்பாட்டுக் கழகம். பத்து மலேசிய ஊழியர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கு அது கட்டாயம். மானிய விண்ணப்பம் வகுப்பு தொடங்கும் முன்பே போயாக வேண்டும். பிறகு பில்லை நீட்டினால் காசு வராது.