மந்தண முத்திரையும் மூன்று காகிதங்களும்: வெளியிட்டவரைத் தண்டிக்கலாமா?

மூன்று காகிதங்களை எடுத்துக்கொள்வோம். மூன்றும் கற்பனைதான், ஆனால் எண்ணூரிலோ காசிமேட்டிலோ கேட்டால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். முதலாவது, கடலுக்கடியில் ஓடும் அமோனியா குழாயின் பாதுகாப்பு ஆய்வறிக்கை. மேல் மூலையில் 'மந்தணம்', அதாவது ரகசியம், என்று சிவப்பு முத்திரை. இரண்டாவது, துறைமுக விரிவாக்கம் பற்றிய அமைச்சரவைக் குறிப்பு. மூன்றாவது, கடலோரக் காவல்படைப் படகுகள் எந்த இரவில் எந்தத் தடத்தில் ரோந்து போகும் என்ற அட்டவணை. மூன்றும் கசிந்து ஒரு செய்தியாளர் கைக்கு வருகின்றன. மூன்றையும் அவர் அச்சில் ஏற்றுகிறார்.

'நாட்டு ரகசியம், உள்ளே போடு' என்பவரும் 'மக்கள் வரிப்பணம், எல்லாம் மக்களுக்கே' என்பவரும் இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால்தான் எந்த நாட்டுச் சட்டம் எங்கே இடறுகிறது என்பது தெரியும்.

இந்தியா: முத்திரையா, சேதமா?

நம்மிடம் இருப்பது 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம். வேவு பார்ப்பதைத் தண்டிப்பது பிரிவு 3. பாதுகாப்பு நிலைகள் சம்பந்தப்பட்டால் 14 ஆண்டு வரை சிறை. செய்தியாளர்மீது பாய்வது பெரும்பாலும் பிரிவு 5. மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

பிரிவு 5-இன் வலை மிகப் பெரியது. 'தடை செய்யப்பட்ட இடம்' தொடர்பான ஆவணம், எதிரிக்கு உதவக்கூடிய ஆவணம் என்பதோடு நிற்காமல், அரசுப் பதவியில் இருப்பவர் நம்பிக்கையின் பேரில் ஒப்படைத்த தகவலும் அதற்குள் வந்துவிடுகிறது. வெளியிடுவது மட்டும் குற்றமல்ல. சட்டத்தை மீறித் தரப்படுகிறது என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்துக்கொண்டாலே குற்றம்தான்.

வடசென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. கடற்படை நிலையம், ராணுவத் தொழிற்சாலை போன்றவை தாமாகவே தடை செய்யப்பட்ட இடங்கள். மின் நிலையம், எரிவாயு, குடிநீர், ரயில் பாதை போன்றவை அப்படியல்ல. மத்திய அரசு அறிவிக்கை போட்டால்தான் அந்தப் பட்டியலில் சேரும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாயைப் படம் எடுத்தவரைக் காவலாளி 'இது பாதுகாக்கப்பட்ட இடம்' என்று மிரட்டினால், கேட்க வேண்டிய முதல் கேள்வி: அறிவிக்கை எண் என்ன?

இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை பிரிவு 13. அரசு, அல்லது அரசு அதிகாரம் கொடுத்த அலுவலர், புகார் தந்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்க முடியும். கேட்கும்போது இது பாதுகாப்பு வேலி மாதிரித்தான் இருக்கிறது. நடைமுறையில், ஆவணத்தால் யாருடைய முகத்தில் கரி பூசப்பட்டதோ அவர்களே வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். தலைவரைப் புகழும் கசிவுக்கு வழக்கு வராது.

தண்டனையைவிட வழக்கே தண்டனை என்பதற்கு இஃப்திகார் கிலானி வழக்கு போதும். 2002 ஜூனில் டெல்லியில் கைதான இந்தச் செய்தியாளரின் கணினியில் இருந்தது, காஷ்மீரில் இந்தியப் படைகள் பற்றிய ஒரு கட்டுரை. பாகிஸ்தானில் வெளிப்படையாக அச்சாகி, இணையத்திலும் கிடந்த கட்டுரை அது. எதிரிக்கு நேரடியாகப் பயன்படும் என்று முதலில் கருத்துச் சொன்ன ராணுவ உளவுத்துறை, பிறகு இது பொதுவெளியில் இருப்பதுதான் என்றது. அரசு வழக்கைத் திரும்பப் பெற்று அவர் வெளியே வந்தபோது 2003 ஜனவரி ஆகியிருந்தது. ஏழு மாதம் திகார். குற்றவாளி என்று எந்தத் தீர்ப்பும் இல்லை.

நம் இரண்டாவது காகிதத்துக்கு நெருக்கமான வழக்கும் உண்டு. அரசுப் பங்கு விற்பனை பற்றிய அமைச்சரவைக் குறிப்பை வெளியிட்ட செய்தியாளர் சாந்தனு சைக்கியாவை டெல்லி நீதிமன்றம் 2009-இல் விடுவித்தது. 'ரகசியம்' என்று முத்திரை குத்திவிட்டால் மட்டுமே சட்டம் பாய்ந்துவிடாது என்பதுதான் சாரம். நல்ல தீர்ப்பு, ஆனால் வழக்குத் தொடங்கிப் பத்தாண்டு கழித்து.

ரஃபேல் போர் விமானக் கொள்முதல் விவகாரத்தில், சென்னையின் தி இந்து நாளிதழ் 2019 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சகக் குறிப்புகளை வெளியிட்டது. திருடப்பட்ட ஆவணம், நீதிமன்றம் பார்க்கக் கூடாது என்று மத்திய அரசு வாதிட்டது. 2019 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: ரகசியம் என்று குறித்த ஆவணம் அச்சாவதைத் தடுக்கும் அதிகாரத்தை இந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் அரசுக்குத் தரவில்லை என்றது. மறுஆய்வு மனுக்கள் அந்த நவம்பரில் தள்ளுபடியானது வேறு கதை. கவனிக்க வேண்டியது, முன்கூட்டியே தடுக்க முடியாது என்றுதான் தீர்ப்பு சொல்கிறதே தவிர, வெளியிட்ட பின் தண்டிக்க முடியாது என்று சொல்லவில்லை.

பிரிட்டன்: தாய்ச் சட்டமே திருந்திவிட்டது

நம் பிரிவு 5, பிரிட்டனின் 1911 சட்டத்தின் பிரிவு 2-ஐ ஒட்டி எழுதப்பட்டது. அங்கே அது செத்தது ஒரு ஜூரியால். அர்ஜென்டினாவின் போர்க்கப்பல் ஜெனரல் பெல்கிரானோவை பிரிட்டன் மூழ்கடித்தது பற்றிய ஆவணங்களை ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பிய அதிகாரி கிளைவ் பாண்டிங்கை, நீதிபதியின் வழிகாட்டலையும் மீறி 1985-இல் ஜூரி விடுவித்தது. 1989-இல் புதுச் சட்டம் வந்தது. பாதுகாப்பு, உளவு, வெளியுறவு, குற்றத் தடுப்பு என்று சில வகைகள் மட்டுமே உள்ளே, மற்றதெல்லாம் வெளியே. வெளியிட்டவர் விஷயத்தில், சேதம் விளைந்தது அல்லது விளையக்கூடும் என்பதைப் பெரும்பாலும் அரசுத் தரப்பு நிறுவ வேண்டும். நம் அமோனியா அறிக்கை அங்கே குற்றத்துக்குள்ளேயே வராது; துறைமுகக் குறிப்பும் வராது. ரோந்து அட்டவணை வரும்.

குறை, பொதுநலனுக்காக வெளியிட்டேன் என்ற எதிர்வாதத்துக்கு அங்கே இடமில்லை. ஈராக் போருக்கு முன், ஒட்டுக்கேட்க உதவி கேட்டு அமெரிக்கா அனுப்பிய மின்னஞ்சலைக் கசியவிட்ட பிரிட்டன் உளவுத்துறை ஊழியர் கேத்தரின் கன் தப்பியது, அரசுத் தரப்பு 2004-இல் வழக்கையே கைவிட்டதால்தான்.

அமெரிக்கா: பத்திரிகைக்குக் கவசம், கொடுத்தவருக்குக் கத்தி

வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களைப் பத்திரிகைகள் வெளியிட்ட பென்டகன் ஆவண வழக்கில் 1971 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் 6-3 என்ற கணக்கில் வந்த தீர்ப்பால், அச்சுக்கு முன் தடை கேட்பது அங்கே மிகக் கடினம். 1917-ஆம் ஆண்டின் உளவுச் சட்டமோ அப்படியே நிற்கிறது. ஆவணங்களைக் கொடுத்த எல்ஸ்பெர்க் மீதான வழக்கு 1973-இல் கலைந்ததற்குக் காரணம் அரசுத் தரப்பின் முறைகேடு. அவர் செய்தது சரி என்ற தீர்ப்பு அல்ல. ராணுவ ஆவணங்களை விக்கிலீக்ஸ் தளத்துக்குக் கொடுத்த செல்சி மேனிங்குக்கு 35 ஆண்டு (2017-இல் ஒபாமா குறைத்தார்), உளவு அறிக்கை ஒன்றைச் செய்தி நிறுவனத்துக்கு அனுப்பிய ரியாலிட்டி வின்னருக்கு 63 மாதம். வின்னர் சிக்கிய விதத்தை ஒவ்வொரு செய்தியறையும் படிக்க வேண்டும். செய்தி நிறுவனம் சரிபார்க்கக் காட்டிய நகலில் மடிப்பு அடையாளம் இருந்தது. அப்படியானால் அது அச்செடுத்த தாள். அந்த ஆவணத்தை அச்செடுத்தவர்கள் ஆறு பேர். அவர்களில் ஒருவர்தான் அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்.

வெளியிட்டவருக்கும் இப்போது நிம்மதி இல்லை. 2024 ஜூனில் விக்கிலீக்ஸ் நிறுவனர் அசாஞ்சே ஒரு குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு, ஏற்கெனவே சிறையில் கழித்த 62 மாதத்தோடு விடுதலையானார். அவர்மீது நியாயமாக எழும் குறை, 2011-இல் தூதரகத் தந்திகள் பெயர்கள் மறைக்கப்படாமல் வெளியானது. பொதுநலன் பேசுகிறவர்கள் இதை மழுப்பக் கூடாது.

சுவீடன்

1766-இலேயே பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் கண்ட நாடு. செய்தியாளருக்குத் தகவல் கொடுத்தது யார் என்று அரசு அலுவலகம் தேடுவதே, சில விதிவிலக்குகள் தவிர, அங்கே குற்றம். முதல் காகிதத்தில் இருப்பதைச் செய்தியாளரிடம் சொன்ன அரசுப் பொறியாளரை அவருடைய மேலதிகாரி கூப்பிட்டு விசாரிக்கவே முடியாது. நாட்டின் பாதுகாப்பைக் கெடுக்கும் கசிவு போன்ற சிலவற்றுக்கு இந்தக் காப்பு இல்லை.

எது நமக்கு?

பிரிட்டனின் 'சேதத்தை நிரூபி' என்ற சுமையும் சுவீடனின் கசியவிட்டவர் காப்பும் சேர்ந்தால் போதும் என்பது நம் கணிப்பு. படை நகர்வு, சங்கேதக் குறியீடு, உளவாளிகளின் பெயர் என்று ஒரு குறுகிய பட்டியல். அதற்குள் வருவதை வெளியிட்டுச் சேதம் நிரூபணமானால் பத்திரிகையாளரையும் தண்டிக்கலாம், தண்டிக்கவும் வேண்டும். ரோந்து அட்டவணையை முழுதாக அச்சிட்டவருக்குப் பரிந்து பேச எதுவும் இல்லை. மற்ற இரண்டு காகிதங்களுக்கும் குற்ற வழக்கே கூடாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில், கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அமோனியா வாடையில் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடியவர்களுக்கு, அந்தக் குழாயின் ஆய்வறிக்கை எந்த எதிரிக்கு உதவும் என்று யாரால் விளக்க முடியும்?

இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006-இலேயே 1923 சட்டத்தை நீக்கச் சொன்னது. நடக்கவில்லை. முறைகேட்டை வெளிக்கொணர்வோரைக் காக்கும் 2014 சட்டம் நிறைவேறியும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் தகவலைக் காரணமின்றி மறைக்கும் அலுவலருக்கு அதிகபட்ச அபராதம் 25,000 ரூபாய்; அதே தகவலை வெளியிட்டவருக்கு மூன்றாண்டுச் சிறை வரை. தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களே சாட்சி.

சட்டம் மாறும்வரை

கசிந்த தாள் கையில் இருந்தால், அதையே அச்சிடும் அவசரம் வேண்டாம். அதில் உள்ளதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். மாநில அலுவலகம் என்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். குறிப்பிட்ட கோப்பு எண்ணைக் கேட்காதீர்கள். கேட்டால் கசிவு வெளியே தெரியும். அந்தக் கோப்பைத் தொட்ட நாலைந்து பேரில் யார் என்று தேடத் தொடங்குவார்கள். 'இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டுவரை நடந்த எல்லா ஆய்வறிக்கைகளும்' என்று அகலமாகக் கேளுங்கள். பிரிவு 8(2)-ஐ மனுவிலேயே எழுதுங்கள்: அலுவல் ரகசியச் சட்டம் என்ன சொன்னாலும், பாதுகாக்கப்படும் நலனுக்கு வரும் தீங்கைவிடப் பொதுநலன் பெரிது என்றால் தகவல் தரலாம் என்று அது சொல்கிறது. பதிலுக்கு 30 நாள். உயிருக்கு ஆபத்து என்றால் 48 மணி நேரம். பதிலே வராவிட்டால் மறுப்பு என்று கொண்டு முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் ஆணையத்துக்கு இரண்டாவது. மறுத்து எழுதினால் அந்த மறுப்புக் கடிதத்தை எந்தத் தயக்கமும் இன்றி அச்சிடலாம். அதில் எந்த முத்திரையும் இருக்காது.